சீட்டு எடுத்து சுவிஸ் வாட்ச் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி ஒன்றில் புரொடக்‌ஷன் மேனேஜர். சத்துவாச்சாரியில் சொந்த வீடு, கடன் இல்லை. பிடித்தம் போகக் கையில் 85,000 ரூபாய் வருகிறது, வீட்டுச் செலவு 55,000. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். வங்கி டெபாசிட்டில் 9 லட்சம் இருக்கிறது. 5 லட்ச ரூபாய் ஏலச்சீட்டில் இருக்கிறேன். 25 மாதம், இப்போது எட்டாவது மாதம். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கடிகாரப் பைத்தியம். அப்பாவின் எச்எம்டி ஜனதாவை இன்றும் காலையில் சாவி கொடுத்துத்தான் கட்டுகிறேன். மனைவியோடு ஜெனீவா போய் கடிகார மியூசியங்களைப் பார்த்துவிட்டு, 4,000 பிராங்கில் ஒரு நல்ல சுவிஸ் வாட்ச் வாங்கி வர ஆசை. அங்கே விலை குறைவு, கையில் கட்டிக்கொண்டு வந்தால் ஏர்போர்ட்டில் யாரும் கேட்க மாட்டார்கள், வாட்ச்சும் தங்கம் மாதிரி விலை ஏறும் என்கிறார் நண்பர். அடுத்த மாதமே சீட்டை எடுத்து, டெபாசிட்டிலும் கொஞ்சம் உடைத்துக் கிளம்பலாமா?

பதில்: ஜெனீவா போங்கள். வாட்ச்சை மட்டும் அங்கே வாங்காதீர்கள். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டதால்தான் சீட்டு, டெபாசிட் என்று எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டிவருகிறது. பிரித்துவிட்டால் பயணம் உங்கள் சக்திக்குள் வந்துவிடும், வாட்ச்சும் பின்னாலேயே வரும்.

முதலில் நண்பர் சொன்ன விலைக் கணக்கு. ஒரு பிராங்க் 110 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4,000 பிராங்க் வாட்ச் 4,40,000 ரூபாய். அந்த விலைக்குள் சுவிஸ் வாட் வரி 8.1 சதவீதம் அடங்கியிருக்கிறது. ஒரே கடையில் 300 பிராங்குக்கு மேல் வாங்கினால், வெளிநாட்டுப் பயணிக்கு அந்த வரி திரும்பக் கிடைக்கும். கடையில் பாஸ்போர்ட் காட்டி படிவம் வாங்கி, நாட்டை விட்டுக் கிளம்பும் இடத்தில் சுங்க முத்திரை போட வேண்டும். இடையில் இருக்கும் நிறுவனத்தின் கமிஷன் போக சுமார் 25,000 ரூபாய் கைக்கு வரலாம். ஆக 4,15,000. சாதாரண கிரெடிட் கார்டு தேய்த்தால் அந்நியச் செலாவணி மார்க்கப் 3.5 சதவீதம், அதற்கு ஜிஎஸ்டி வேறு. அது ஒரு 18,000. இதுவரை நண்பர் கணக்கு ஓரளவு நிற்கிறது.

அப்புறம் சென்னை விமான நிலையம். 2026 பிப்ரவரி முதல் வரியில்லாமல் கொண்டுவரும் வரம்பு ஆளுக்கு 75,000 ரூபாய். அதற்கு முன் 50,000 ஆக இருந்தது. வரம்புக்கு மேல் உள்ள மதிப்புக்கு 35 சதவீத வரி, அந்த வரியின் மேல் 10 சதவீத சர்சார்ஜ், மொத்தம் 38.5. உங்கள் வாட்ச்சுக்கு 4,15,000த்தில் 75,000 போக 3,40,000 ரூபாய்க்கு வரி கட்ட வேண்டும், 1,31,000 ஆகிறது. எல்லாம் சேர்த்தால் வாட்ச் வீடு வந்து சேரும்போது 5,64,000. மனைவியின் 75,000த்தையும் சேர்த்துக் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். முடியாது. ஒருவருடைய வரம்பை இன்னொருவரோடு சேர்க்க விதி இடம் தருவதில்லை.

இப்போது சென்னையில் அந்த பிராண்டின் அதிகாரபூர்வக் கடைக்கு ஒரு போன் போட்டு, அதே மாடல் நம்பரைச் சொல்லி விலை கேளுங்கள். 5,64,000க்குக் கீழே சொன்னால் ஜெனீவாவில் வாங்குவது நஷ்டம். உங்கள் பட்ஜெட்டில் வரும் பெரும்பாலான மாடல்களில் அப்படித்தான் இருக்கும் என்பது என் எண்ணம். சில பிராண்டுகளில் பேசினால் கொஞ்சம் குறைக்கவும் செய்வார்கள். பில்லும் கேரண்டியும் இங்கேயே இருக்கும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கமாட்டார்கள், சட்டம் விடாது. வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். 

இன்னொரு விஷயம். இந்தியாவும் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளும் 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சுவிஸ் வாட்ச் மீதான இறக்குமதி வரியை ஏழு ஆண்டுகளில் படிப்படியாக நீக்குவது அதில் உள்ள ஒரு அம்சம். அந்தக் குறைப்பு முழுவதும் விலையில் தெரியும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். ஆனால் அவசரப்படக் காரணமில்லை என்பதற்கு இது போதும்.

கையில் கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து விடுங்கள். பயணத்தில் வாங்கிய புது வாட்ச் கையில் இருந்தாலும் பெட்டியில் இருந்தாலும் அறிவிக்க வேண்டிய பொருள்தான். அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்து பிடிபட்டால் 1962 சுங்கச் சட்டப்படி பறிமுதல் செய்யலாம், அபராதமும் போடலாம். கை மணிக்கட்டைப் பார்ப்பது சுங்க அதிகாரிகளுக்குப் பழகிப்போன வேலை. இதற்கு நேர்மாறான ஒரு தொல்லையும் உண்டு: இங்கேயே வாங்கிய விலையுயர்ந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போனால், கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது அது அங்கே வாங்கியதில்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். அப்பாவின் ஜனதாவுக்கு அந்தக் கவலை இல்லை, அதையே கட்டிக்கொண்டு போங்கள். கடிகார ஊரில் அதைக் காட்டினால் கடைக்காரர்களே பேச்சுக் கொடுப்பார்கள்.

தங்கம் மாதிரி என்பது தவறு. 10 பவுனைத் தூக்கிக்கொண்டு போனால் எந்த வங்கிக் கிளையிலும் அரை மணி நேரத்தில் கடன் கிடைக்கும். வாட்ச்சை நகைக்கடன் கவுன்ட்டரில் வைத்தால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கடை விலையைவிட அதிகத்துக்கு மறுவிற்பனையாகும் வாட்ச்கள் உண்டுதான். அவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாடல்கள், வருடக்கணக்கில் காத்திருப்புப் பட்டியல், உங்கள் விலையில் அவை கிடைக்காது. அந்த மாடல்களின் மறுவிற்பனை விலைகூட 2022இல் உச்சம் தொட்டு இறங்கியது. உங்கள் 4 லட்ச வாட்ச் கடை வாசலைத் தாண்டியதும் செகண்ட் ஹேண்ட்தான். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் வேண்டும். வேலூர் லாங் பஜாரில் ஜனதாவைத் திறந்து பார்ப்பவரிடம் கொடுக்க முடியாது, சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்ப வேண்டும், பில்லும் பல ஆயிரத்தில் வரும். ஆசைக்காக வாங்குங்கள், அதில் தப்பே இல்லை. முதலீடு என்ற பெயரில் மட்டும் வாங்காதீர்கள்.

சரி, சீட்டுக்கு வருவோம். அடுத்த மாதம் ஏலத்தில் உட்கார்ந்து 25 சதவீதம் தள்ளி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,25,000 தள்ளுபடி. அதில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம், 25,000. மீதி 1 லட்சம் 25 பேருக்கும் பிரிந்து ஆளுக்கு 4,000 கழிவு. உங்களுக்கும் அந்த 4,000 உண்டு, ஆனால் கைக்கு வருவது 3,75,000தான். அதற்கப்புறம் கடைசி மாதம் வரை தவணை கட்டிக்கொண்டே இருப்பீர்கள். வாட்ச்சைப் பார்க்க ஆசைப்படும் ஒருவர் தன் பணத்தையே வட்டிக்கு வாங்குவது இது. பதினெட்டு, இருபதாவது மாதத்தில் எடுக்க ஆள் குறைந்துவிடும், தள்ளுபடி 10 சதவீதம் அளவுக்கு இறங்கினால் கைக்கு 4,50,000 வரும். பொறுத்திருந்ததற்கு 75,000 ரூபாய். ஒருவருக்கு ஜெனீவா போய்வர விமான டிக்கெட் ஏறக்குறைய அந்த விலைதான்.

அந்த நேரத்தில் மகளும் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருப்பாள். பொதுத் தேர்வு வருடத்தின் நடுவில் அப்பாவும் அம்மாவும் பத்து நாள் வெளிநாடு போவது பிடிக்கவில்லை என்று அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள், ஆனால் எனக்குச் சரியாகப் படவில்லை. பரீட்சை முடிந்த மே மாதம் வையுங்கள். ஏப்ரலில் ஜெனீவாவில் பெரிய வாட்ச் கண்காட்சி நடக்கும், அந்த வாரத்தில் ஓட்டல் வாடகை எகிறிவிடும், அதையும் தவிர்த்துவிடலாம்.

இருவருக்கு ஏழு இரவு என்றால் என் உத்தேசம் இது: விமானம் 1,40,000, ஷெங்கன் விசாவும் மருத்துவக் காப்பீடும் 35,000, ஓட்டல் 1,30,000, சாப்பாடு 55,000, ரயிலும் நுழைவுச் சீட்டுகளும் 50,000. மொத்தம் 4,10,000. சீட்டுப் பணம் 4,50,000த்திலேயே அடங்கிவிடுகிறது, 40,000 மிச்சமும் இருக்கிறது. விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். டிராவல்ஸ்காரரிடம் பேக்கேஜாக எடுத்தால் 2026 ஏப்ரல் முதல் 2 சதவீத டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். அது கூடுதல் வரி இல்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கம்பெனி அக்கவுன்ட்ஸில் சொன்னால் சம்பளத்தில் பிடிக்கும் டிடிஎஸ்ஸிலேயே சரிசெய்யலாம். ஆனால் கடிகாரம் பார்க்கப் போகிறவருக்குப் பேக்கேஜ் ஒத்துவராது. பனிமலை, சாக்லேட் கடை என்று இழுத்துக்கொண்டு போய், மியூசியத்துக்கு நாற்பது நிமிடம் கொடுப்பார்கள்.

சனி, ஞாயிறு கணக்கைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். ஜெனீவாவில் படேக் பிலிப் கடிகார நிறுவனத்தின் மியூசியம் ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும். ஞாயிறன்று கடைகளும் மூடிக்கிடக்கும். 2001இல் திறந்த அந்த மியூசியத்தில் 16ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் வாட்ச்கள் ஒரு தளம் முழுக்க இருக்கின்றன, அரை நாள் ஒதுக்குங்கள். ஏரிக்கரைப் பூங்காவில் 1955இல் வைத்த பூக்கடிகாரத்தின் விநாடி முள் மட்டும் இரண்டரை மீட்டர், அதைப் பார்க்கக் காசு வேண்டாம். ஜெனீவாவில் ஓட்டலில் தங்கினால் நகர பஸ்ஸும் டிராமும் இலவசம். செக்-இன் செய்யும்போது அந்தக் கார்டைக் கேட்டு வாங்குங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு கூப், மிக்ரோஸ் சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டியும் தயிரும் பழமும் வாங்கினால் ஒரு நாளைக்கு ரெண்டாயிரம், மூவாயிரம் மிச்சம். வீட்டில் இருந்து பொடியும் ஊறுகாயும் போகும் என்று நினைக்கிறேன்.

சுவிஸ் தலைநகர் பெர்னுக்கு ஒரு நாள். அங்கே கடிகாரக் கோபுரத்தில் 1530இல் வைத்த வானியல் கடிகாரம் இன்னும் ஓடுகிறது. மணி அடிப்பதற்குச் சில நிமிடம் முன்பே சேவல் கூவி கரடிப் பொம்மைகள் வலம் வரத் தொடங்கிவிடும். சரியாக மணிக்குப் போய் நின்றால் பாதியைத் தவறவிடுவீர்கள். இன்னொரு நாள் லா ஷோ-டி-பான். 1794 தீவிபத்துக்குப் பிறகு கடிகாரத் தொழிலுக்காகவே திட்டமிட்டு வளர்ந்த மலை ஊர். வேலை செய்யும் மேசைக்கு வெளிச்சம் விழ வேண்டும் என்று வரிசை வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்து ஊரான லெ லோக்லேயோடு சேர்த்து 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பெற்றது. பெரும்பகுதி தரைக்கு அடியில் இருக்கும் சர்வதேசக் கடிகார மியூசியம் இங்கேதான், போவதற்கு முன் திறந்திருக்கும் நாட்களை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கடிகாரப் பைத்தியம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் ஜெனீவாவை விட்டுவிட்டு இந்த ஊரைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

வெறுங்கையோடு வர மனசு வராது, தெரியும். 600 பிராங்குக்குள் உங்களுக்கு ஒன்று, வீட்டம்மாவுக்கு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொன்றும் 66,000, இருவர் வரம்புக்குள்ளும் அடங்கும், சுங்க வரி ஒரு ரூபாய் கிடையாது. கார்டு மெஷின் ரூபாயில் கட்டட்டுமா என்று கேட்டால் பிராங்க் என்றே அழுத்துங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். இந்த 1,32,000த்தை டெபாசிட்டில் எடுக்கலாம், ஏனென்றால் 9 லட்சத்தில் ஆறு மாதச் செலவு 3,30,000, மகளின் முதல் வருடக் கல்லூரிக்கு 3,00,000 என்று தொடாமல் ஒதுக்கினாலும் 2,70,000 மிஞ்சுகிறது. பாஸ்போர்ட் எடுப்பதற்கு முன் டேர்ம் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

அதுவரை பொறுக்க முடியவில்லை என்றால் காட்பாடியில் காலை ரயில் ஏறி பெங்களூரு போய், ஜாலஹள்ளியில் இருக்கும் எச்எம்டி மியூசியத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு அங்கே தொடங்கிய தொழில்தான் உங்கள் ஜனதா. செலவு சில ஆயிரத்தைத் தாண்டாது.

பெரிய வாட்ச்சுக்கு வழி இது. சீட்டு முடிய இன்னும் 17 மாதம். முடிந்த மறு மாதமே, இதுவரை சீட்டுக்குப் போன 20,000த்தை ஒரு ரெக்கரிங் டெபாசிட்டுக்குத் திருப்புங்கள். இருபது மாதத்தில் 4 லட்சமும் வட்டியும். அப்போது உங்களுக்கு 50 வயது. இறக்குமதி வரியும் அதற்குள் இன்னும் சில படி இறங்கியிருக்கும். இடையில் கல்லூரிச் செலவு கூடினால் மாதம் 10,000 ஆக்குங்கள், வாட்ச் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அடுத்த மாத ஏலத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு, கழிவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.