வேலையிடத்தில் மாற்றம் வந்தால் ஊழியர்கள் ஏன் முரண்டு பிடிக்கிறார்கள்? ‘இது நம் இடம்’ என்ற உணர்வு உதவுமா?

உதவும். ஆனால் விருந்தும் விளையாட்டும் வைத்து அந்த உணர்வை வரவழைக்க முடியாது. பலரை உறுத்துவது மாற்றம் அல்ல, ‘நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லையே’ என்பதுதான்.

லெஸ்டர் கோக், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் 1948-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பைஜாமா தைக்கும் ஹார்வுட் ஆலையில் வேலைமுறை மாறியது. ஒரு குழுவுக்கு மாற்றத்தை அறிவித்ததோடு சரி. உற்பத்தி சரிந்தது, மேற்பார்வையாளரோடு உரசல் வந்தது, முதல் 40 நாட்களில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். புதிய முறையை வகுப்பதில் எல்லோரையும் சேர்த்துக்கொண்ட குழுக்களில் அந்த நாட்களில் ஒருவர்கூடப் போகவில்லை; உற்பத்தியும் பழைய அளவைத் தாண்டியது.

ஆகவே புதிய மென்பொருள் வருகிறதென்றால், தினமும் அதன் முன் உட்காரப்போகிறவரிடம் முதலில் காட்டுங்கள். “இந்தப் பொத்தானை அழுத்தினால் பழைய பதிவு அழிகிறதே” என்பார். உடனே திருத்துங்கள், யார் சொல்லித் திருத்தியது என்பதையும் எல்லோருக்கும் சொல்லுங்கள். கருத்துக் கேட்டுவிட்டுக் கிடப்பில் போடுவது கேட்காமலே இருப்பதைவிட மோசம். முணுமுணுப்பவரையும் ஒதுக்காதீர்கள். வேலையின் நெளிவுசுளிவு பெரும்பாலும் அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.