லடாக் வெந்நீர் ஊற்றில் அப்பாவின் மூட்டுவலி தீருமா?

கேள்வி: என் தந்தைக்கு 64 வயது. முழங்கால் மூட்டுத் தேய்மானம் உண்டு. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ஜூன் மாதம் விமானத்தில் லே சென்று, மறுநாளே பனாமிக் வெந்நீர் ஊற்றில் குளித்தால் மூட்டுவலி அடியோடு போய்விடும் என்கிறார் டூர் ஏஜென்ட். அழைத்துச் செல்லலாமா?

பதில்: அழைத்துச் செல்லலாம், ஆனால் மறுநாளே கூடாது. மூட்டுவலி அடியோடு போகும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். சூட்டில் தசைகள் தளர்வதால் வலி சில மணி நேரம் குறையும். தேய்ந்த குருத்தெலும்பு எந்தக் கந்தக நீரிலும் திரும்ப வளராது. அந்தச் சுகத்தை வீட்டில் வெந்நீர் ஒத்தடமே தந்துவிடும்.

நான் அஞ்சுவது ஏஜென்ட் எழுதித் தந்த நாள்கணக்கைத்தான். லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் குளிர்ப் பாலைவன நகரம். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரை ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். "பனாமிக் லேயை விடத் தாழ்வான இடம், பயமில்லை" என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான், ஆனால், வழக்கமாக அங்கே செல்லும் வழியில், 5,300 மீட்டருக்கும் மேலே இருக்கும் கர்துங் லா கணவாயைப் போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் கடக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். என்னிடம் வந்த ஒரு பெரியவரின் பயணத் தாளில், "இரண்டாம் நாள் காலை 6 மணி: கர்துங் லா" என்று அச்சடித்திருந்தது. முதல் நாள் இரவே அவருக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. பூண்டு சூப் குடித்தால் சரியாகும் என்று சொல்லி வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். கணவாயில் வாந்தியெடுத்து மயங்கிய பிறகுதான் வண்டியைத் திருப்பினார்களாம்.

இறங்கியதும் ஓய்வெடுங்கள் என்று அறிவிப்பதோடு கடமை முடிந்ததாக எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். சோதனைச் சாவடியில் சுற்றுலாப் பயணிகளிடம் சுற்றுச்சூழல் கட்டணச் சீட்டைக் கேட்பவர்கள், லே வந்து எத்தனை நாளாயிற்று என்றும் ஒரு கேள்வி கேட்டால் என்ன குறைந்துவிடும்?

ஆகவே லேயில் மூன்று இரவுகள் தங்குவதை ஏஜென்டிடம் எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முன் முன்பணம் கொடுக்காதீர்கள். தலைவலியோ குமட்டலோ இருந்தால் அது நீங்கும்வரை மேலே ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உயர்மலை நோய்க்கான அசட்டசோலமைடு மாத்திரையை அப்பாவின் மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்க வேண்டாம். கணவாயே வேண்டாம் என்றால், சிந்து நதியை ஒட்டியே செல்லும் சாலையில் சுமாதாங் ஊற்று இருக்கிறது. அதுவும் சுமார் 4,000 மீட்டர் உயரம் என்பதால், பகலில் சென்று இரவுக்குள் லே திரும்பிவிடுங்கள். பூகா பள்ளத்தாக்கில் நீர் கொதிக்கும் சூட்டிலேயே வெளிவருகிறது. அது பார்ப்பதற்கு மட்டும்.

சர்க்கரை நோயாளிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவர்களில் பலருக்குப் பாதத்தின் உணர்வு மெல்ல மங்கிவிடும். அது மங்கியதே அவர்களுக்குத் தெரியாது. மற்றவர்கள் துள்ளிக் காலை இழுத்துக்கொள்ளும் சூட்டில் இவர்கள் நிம்மதியாக நின்றுகொண்டிருப்பார்கள். 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே தோலை ஆழமாகச் சுட்டுவிடும். ஊற்றுக்கண்ணில் சூடு அதற்கும் மேல் இருக்கும். எனவே அப்பா காலை விட்டுச் சூடு பார்க்கவே கூடாது. நீங்கள் முழங்கையை நனைத்துப் பாருங்கள். கையோடு ஒரு வெப்பமானி கொண்டுசென்றால் இன்னும் நல்லது. 40 டிகிரிக்கு மேல் இருந்தால் குளிர்ந்த நீரைக் கலக்கச் சொல்லுங்கள். அதற்கு வசதியில்லை என்றால் குளிக்க வேண்டாம்.

தொட்டியில் பத்து நிமிடம் போதும். வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். அவர் சாப்பிடும் மாத்திரையும் அதைத்தான் செய்கிறது. அதனால் சட்டென்று எழ விடாமல், விளிம்பில் சற்று நேரம் உட்காரவைத்து, கைபிடித்து எழுப்புங்கள். துவட்டிய பிறகு உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் நீங்களே பாருங்கள். சிவப்போ கொப்புளமோ தெரிந்தால், வலிக்கவில்லை என்று அவர் சொன்னாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.