மடக்குக் கூரைக் காரின் பின்புறப் பிளாஸ்டிக் சன்னல் வெடித்தால் என்ன செய்வது?

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறேன். என்னிடம் 1995ஆம் ஆண்டின் மஸ்டா மியாட்டா கார் இருக்கிறது. குளிரான ஒரு காலையில் கூரையை மடக்கியபோது, பின்புறப் பிளாஸ்டிக் சன்னல் மடிப்பு விழும் இடத்தில் நான்கு அங்குல நீளத்துக்கு வெடித்துவிட்டது. சன்னல் முன்பே மஞ்சள் பூத்து மங்கியிருந்தது. சூப்பர் க்ளூ போட்டு ஒட்டலாமா, கூரை முழுவதையும் மாற்ற வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். மடிப்பில் விழுந்த விரிசலை நிரந்தரமாக ஒட்டிவிட முடியாது. ஆனால் உங்கள் காரின் அமைப்பில் கூரைத்துணி நன்றாக இருந்தால், சன்னல் பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதுவரை மழைநீர் உள்ளே இறங்காமல் காப்பதற்கு மட்டுமே ஒட்டு வேலையை நம்புங்கள்.

உங்கள் சன்னல் கண்ணாடிபோல் தெளிவான பிவிசி தகடு. தொழிலில் இதைத் தெளிவான வினைல் என்பார்கள். பிவிசி இயல்பில் விறைப்பான பொருள் என்பதால், வளைந்து கொடுப்பதற்காக அதில் எண்ணெய் போன்ற மென்மையூட்டிகளைக் கலக்கிறார்கள். வெயிலிலும் சூட்டிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது இந்த மென்மையூட்டி மெல்ல வெளியேறிவிடுகிறது. எஞ்சியிருப்பதும் குளிரில் விறைத்துப்போகிறது. அந்த நிலையில் மடக்கினால் வளைய வேண்டிய தகடு முறிகிறது. மஞ்சள் நிறம் வேறு கதை. புற ஊதாக் கதிர் பட்டு பிவிசியின் மூலக்கூறுச் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு கழன்றுபோவதால் அந்த நிறம் தகட்டுக்குள்ளேயே உண்டாகிறது. ஆகவே பிளாஸ்டிக் பாலிஷ் மேற்பரப்பின் கீறலையும் மங்கலையும் குறைக்குமே தவிர, உள்ளே ஊறிய மஞ்சளை எடுக்காது.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். காரை வெதுவெதுப்பான கராஜில் சில மணி நேரம் நிறுத்திவிட்டு, விரிசலிலிருந்து ஒரு கையகலம் தள்ளி, கட்டைவிரலால் சன்னலை மெதுவாக அழுத்துங்கள். தகடு குழைந்து உள்வாங்கி, விரலை எடுத்ததும் சத்தமில்லாமல் பழைய நிலைக்கு வந்தால் ஒட்டு தாங்கும். காய்ந்த சருகை மிதித்ததுபோல் நெறுநெறுவென்று ஒலித்தால் ஒட்டுக்குச் செலவு செய்யாதீர்கள். ஒட்டின் ஓரத்திலேயே அடுத்த விரிசல் கிளம்பும்.

ஒட்டலாம் என்று தெரிந்தால், கூரையை மூடிப் பூட்டிய நிலையில், 20 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெப்பத்தில் வேலையைத் தொடங்குங்கள். விரிசலின் இரு முனைகளிலும் தோலில் துளை போடும் பஞ்ச் கருவியால் 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவுள்ள வட்டத் துளை போடுங்கள். கூரிய முனையில் குவியும் இழுவிசையை வட்ட ஓரம் பரப்பிவிடுவதால் விரிசல் மேற்கொண்டு ஓடாது. மென்மையான வினைலை டிரில் பிட் கவ்விக் கிழித்துவிடக்கூடும் என்பதால் டிரில் வேண்டாம். பிறகு மிதமான சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாக உலரவிட்டு, விரிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் வருமாறு, மூலைகளை வட்டமாக வெட்டிய ஒட்டை உள்ளும் புறமும் ஒட்டுங்கள். வினைலுக்கென்றே விற்கும் தெளிவான ஒட்டுநாடாவை வாங்குங்கள். டியர்-எய்ட் நிறுவனத்தின் 'பி' வகை அப்படிப்பட்டது, 'ஏ' வகை வினைலுக்கு ஆகாது. சாதாரண டேப்பின் பசையை, வினைலிலிருந்து கசியும் மென்மையூட்டி சில மாதங்களில் கொழகொழப்பாக்கிவிடும்.

சூப்பர் க்ளூ உலர்ந்தால் விறைப்பாகிவிடும். தகடு வளையும்போது அது வளையாமல் உடையும், அதன் ஆவி சுற்றிலும் வெண்படலமாகப் படியும். சிலிக்கான் பசை பிவிசியில் உறுதியாகப் பிடிக்காது. அதைவிடத் தொல்லை என்னவென்றால், அது விட்டுச்செல்லும் படலத்தின்மேல் பிறகு எந்தப் பசையும் ஒட்டாது. அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானையும் இந்தச் சன்னல் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

வசந்தம் வந்ததும் சன்னலை மாற்றிவிடுங்கள். உங்களுடையது போன்ற முதல் தலைமுறை மியாட்டாவில் சன்னல் ஜிப்பால் கூரையோடு இணைக்கப்பட்டிருப்பதால், ஜிப்போடு சேர்ந்த சன்னல் பகுதி தனியாகவே விற்கப்படுகிறது. அதன் அடிப்பகுதி மழைநீரை வாங்கி வடிகாலுக்கு அனுப்பும் பிளாஸ்டிக் பட்டையோடு காரின் உடலில் நட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். இத்தனை ஆண்டுப் பழமையான அந்தப் பட்டை கழற்றும்போதே உடைவதுண்டு. ஆகவே முன்கூட்டியே புதிய பட்டை ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய கையோடு, இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகால் துளைகளில் இலைச்சருகு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கூரைத்துணியும் கிழியத் தொடங்கியிருந்தால், 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையின் கண்ணாடிச் சன்னல் உள்ள கூரையைப் பொருத்துவதே நல்லது என்பது என் கருத்து. அது உங்கள் காரிலும் பொருந்தும். ஆனால் பின்கண்ணாடியின் பனி நீக்கும் வசதி வேலை செய்ய மின்கம்பி தனியாக இழுக்க வேண்டும்.

பிளாஸ்டிக்கையே மீண்டும் போட்டால், ஒவ்வொரு முறையும் ஜிப்பைத் திறந்து, சன்னலைப் பின்தட்டில் மெல்லிய துணிமேல் தட்டையாகப் படுக்கவைத்த பிறகே கூரையை மடக்குங்கள். வெளியே 10 டிகிரிக்குக் கீழே இருக்கும் நாளில், சன்னல் புதியதாக இருந்தாலும், கூரையைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.