கால்பந்தில் ஒரே ஒரு சர்வதேச ஆட்டம் ஆடிய தடுப்பாட்டக்காரரைச் சிறந்த வீரர் என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். நீங்களும் பேக், அதாவது தடுப்பாட்டம், ஆடுபவராகத்தான் இருப்பீர்கள், இல்லையென்றால் இப்படிக் கேட்கத் தோன்றாது.

ஸ்காட்லாந்தின் டாம் பிராட்ஷாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1928 மார்ச் 31, மழையில் ஊறிப்போன வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தை 5-1 என்று ஸ்காட்லாந்து துவைத்து எடுத்தது. அலெக்ஸ் ஜாக்சன் மூன்று கோல், அலெக்ஸ் ஜேம்ஸ் இரண்டு. முன்வரிசையில் கோலுக்காக ஆடிய, உயரம் குறைந்த அந்த ஐந்து ஸ்காட்லாந்து ஃபார்வர்டுகளைப் பற்றி இன்றும் எழுதுகிறார்கள். சரி, எதிரணியின் சென்டர் ஃபார்வர்டு யார்? டிக்ஸி டீன். அந்த சீசனில் எவர்ட்டன் கிளப்புக்காக லீகில் மட்டும் 60 கோல் போட்டவர். அவரை அன்று ஒரு கோல்கூடப் போடவிடாமல் பார்த்துக்கொண்டவர் பிராட்ஷா. ஸ்காட்லாந்துக்கு அவர் ஆடிய முதல் ஆட்டம் அது. அப்புறம் அவரை அழைக்கவே இல்லை!

அதுவும் எந்தக் காலம்? 1925-இல்தான் ஆஃப்சைடு விதியைத் தளர்த்தியிருந்தார்கள். சக வீரர் பந்தை அடிக்கும் நொடியில் ஃபார்வர்டுக்கு முன்னால் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது இரண்டு பேர் போதும் என்று ஆனது. கோல்கள் கொட்டின. அந்தச் சுமை முழுக்க, பிராட்ஷாவைப் போலத் தடுப்பில் நடுவில் நிற்பவர் தலையில்தான் விழுந்தது. பிராட்ஷா 1930-இல் லிவர்பூலுக்குப் போய் 1938 வரை அங்கே ஆடினார். ஒரு ஆட்டத்தோடு ஒதுக்கப்பட வேண்டியவரா அவர்?

நான் எங்கள் ஊர் டீமில் ஸ்டாப்பர், அதாவது நடுவில் நிற்கும் பேக். ஒரு அரையிறுதியில் மாவட்டத்திலேயே பேர்போன ஃபார்வர்டைக் கவனிக்கும் வேலை எனக்கு. அவன் காலைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். அதனால் ஆட்டம் முழுக்க அவன் இடுப்பையே பார்த்து நின்றேன். இடுப்பு திரும்பும் பக்கம்தான் ஆள் போவான். ஒருமுறைகூட அவனால் கோல் பக்கம் நேராக அடிக்க முடியவில்லை. 1-0 என்று ஜெயித்தோம். பரிசும் பேப்பரில் பெயரும் கோல் போட்டவனுக்கு. அவன் என் நண்பன்தான், ஆனாலும் எனக்கு வலித்தது.

"கோல் போடாமல் எப்படி ஜெயிப்பது?" என்று உடனே சண்டைக்கு வராதீர்கள். ஜாக்சனையும் ஜேம்ஸையும் நான் குறைத்துப் பேசவில்லை. டீனைப் பிடித்து நிறுத்தியவரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. எங்கள் மைதானத்தில் பொருட்காட்சி போடுகிறவர்கள் பந்தல் ஆணிகளைப் பிடுங்காமலே போய்விடுகிறார்கள். ஸ்லைடிங் போட்டு, அதாவது தரையில் சறுக்கிப் பந்தைத் தட்டிவிடுகிற பேக்குக்குத்தான் தொடை கிழிகிறது. யாரிடம் சொன்னாலும் கேட்பதில்லை.