மின்ட் மடிக்கணினிக்கு எந்தப் பிரிண்டர்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மடிக்கணினியில் இருக்கும் இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 21. பிள்ளைகளின் பள்ளி வேலைக்கு மாதம் 50, 60 பக்கம் அச்சிட வேண்டும். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. எஸ்.பி. ரோட்டில் பழைய கேனான் எல்.பி.பி. 2900 மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இயந்திரம் நன்றாக உழைக்கும், அதில் குறை சொல்ல முடியாது. சிக்கல் அது பேசும் மொழியில்தான். அந்த மாடலுக்கு 'கேப்ட்' என்ற கேனானின் சொந்த மொழி மட்டுமே புரியும். அதற்கான லினக்ஸ் டிரைவர், அதாவது கணினியைப் பிரிண்டரோடு பேசவைக்கும் மென்பொருள், பழையது; 32 பிட் லைப்ரரிகள் என்ற துணைக் கோப்புகளைக் கேட்கும். பின்னணியில் ஓடும் அதன் சேவை நின்றுபோனால் கொடுத்த வேலை வரிசையிலேயே தேங்கிக் கிடக்கும். பழைய சந்தையில் அடிக்கடி கண்ணில் படும் ஹெச்.பி. லேசர்ஜெட் 1020 கொஞ்சம் தேவலை. ஆனால் அதை அணைத்துப் போடும்போதெல்லாம் பிரிண்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைக் கணினிதான் ஏற்றியாக வேண்டும்.

புதிதாக வாங்குங்கள். பெட்டியின் மேல் 'ஏர்பிரிண்ட்' அல்லது 'மோப்ரியா' என்று இருக்கிறதா பாருங்கள். போனிலிருந்து டிரைவர் இல்லாமல் அச்சிட வந்த ஏற்பாடு இது. லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸும் அதே ஐ.பி.பி. என்ற பொது அச்சு நெறிமுறையில்தான் பேசுகிறது. கடையில் "லினக்ஸில் ஓடுமா?" என்று கேட்டுப் பயனில்லை, எல்லாம் ஓடும் என்பார்கள். "ஆப் போடாமல் ஐபோனிலிருந்து பிரிண்ட் போகுமா?" என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்.

உங்கள் அளவுக்கு லேசர்தான் சரி. இங்க் டேங்கில் பக்கத்துக்கு ஆகும் செலவு குறைவு, மறுக்கவில்லை. ஆனால் கோடை விடுமுறை முழுக்கச் சும்மா கிடந்தால் மை வரும் முனை காய்ந்து அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்யவே மை தீரும்.

கடைக்கு மடிக்கணினியையும் எடுத்துப் போங்கள். யூ.எஸ்.பி. வயரைச் செருகி, கட்டளை அடிக்கும் சாளரமான டெர்மினலில் 'டிரைவர்லெஸ்' என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் (driverless) அடியுங்கள். ஐ.பி.பி. (ipp) என்று தொடங்கும் முகவரி ஒன்று வந்தால் வேறு எதுவும் நிறுவத் தேவையில்லை. ஸ்கேனர் சேர்ந்த மாடலானால் அதையும் அங்கேயே ஒரு தாள் வைத்துப் பார்த்துவிடுங்கள். இவற்றுக்கு வேண்டிய மென்பொருள் பொதிகள் மின்ட் 21-இல் முதலிலேயே இருக்கின்றன.

வீட்டுக்கு வந்தபின் வரும் தொல்லைகள் வேறு. மலிவு மாடல்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். பிரிண்டர், விருந்தாளிகளுக்கான தனி வைஃபையான கெஸ்ட் நெட்வொர்க்கில் போய் உட்கார்ந்தால் கணினிக்கு அது தெரியவே தெரியாது. விளக்கு மினுக்கிக்கொண்டு தாள் கேட்கிறதா? தட்டில் ஏ4 இருக்க, அமைப்பில் தாளின் அளவு 'லெட்டர்' என்று இருக்கும். ஏ4 ஆக மாற்றுங்கள்.

மின்வெட்டுக்குப் பயந்து லேசர் பிரிண்டரைச் சின்ன 600 வி.ஏ. யூ.பி.எஸ்.ஸில் செருகாதீர்கள். உள்ளே உருளை சூடாகும் நேரத்தில் இழுக்கும் மின்சாரத்தைத் தாங்காமல் யூ.பி.எஸ். நின்றுவிடும், கூடச் செருகிய மோடமும் சேர்ந்து அணையும். பிரிண்டர் சுவர்ப் பிளக்கிலேயே இருக்கட்டும்.