மேற்குச் சுவர் ராத்திரியிலும் சுடுகிறது. சுவரை மறைக்கப் படரும் கொடி வளர்க்கலாமா, மாடியில் மண் பரப்பலாமா?

ஈரோடு, திருப்பூர் வெயிலுக்கு முதலில் கொடி. மாடியை அப்புறம் பார்க்கலாம்.

மதியத்துக்கு மேல் சாய்வாக விழும் வெயிலைச் செங்கல் வாங்கி வைத்து, இருட்டியபின் அறைக்குள் விடுகிறது. நடுவில் இலை நின்றால் வெயில் சுவரைத் தொடாது. இலைவழி ஆவியாகும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் சுமார் 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும்.

கொடியைச் சுவரிலேயே ஒட்டவிட வேண்டாம். 10 செ.மீ. தள்ளி இரும்புச் சட்டம் அடித்து, அதில் வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) கட்டுங்கள். இடைவெளியில் காற்று மேலேறும், பூச்சில் ஈரம் கோக்காது. பலர் கோட்டை விடுவது திருகாணியில்தான். பூச்சில் மட்டும் பிடித்தால், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று சட்டத்தோடு பிய்த்துவிடும். ஆங்கர் போல்ட் (சுவருக்குள் இறுகிப் பிடிக்கும் திருகாணி) செங்கல்லுக்குள் இறங்க வேண்டும்.

ரங்கூன் மல்லி நன்றாகத் தாங்கும். பூந்தொட்டி வேண்டாம், தரையில் 60 செ.மீ. குழி. ஐப்பசி மழைக்கு முன் நட்டால் வேர் பிடிக்கும், ஆனால் முதல் கோடையிலேயே சுவர் மூடிவிடாது. போர் தண்ணீர் உப்பென்றால் இலை நுனி கருகும், சொட்டுநீர்த் துளையும் அடைபடும். மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் கலந்து விடுங்கள்.

மாடிக்கு வந்தால், நனைந்த செம்மண் 10 செ.மீ. பரப்பினாலே சதுர மீட்டருக்கு 180 கிலோ வரும். ஆள் புழங்கும் மாடிக்கு ஐ.எஸ். 875 (கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை) சொல்லும் சுமை சுமார் 150 கிலோதான். பொள்ளாச்சித் தென்னைநார்க்கழிவைப் பாதிக்குமேல் கலந்தால் எடை குறையும். உப்புப் போக இரண்டு மூன்று முறை அலசியது வேண்டும். மண் ஏற்றும்முன் பொறியாளரிடம் காட்டி, மாடியில் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி ஒழுகலைப் பாருங்கள்.