கடற்கரை வீட்டுக்குத் தகரக் கூரை: கேள்வி பதில்

நெல்லை மாவட்டத்துல உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, திசையன்விளைப் பக்கத்துல இருந்து வந்த கேள்விகளை எடுத்துக்கிட்டேன். பாதிக்கு மேல "எந்தக் கம்பெனி, எந்தக் கலர்" கேள்விதான். அதுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில் நடுவுல இருக்கு. ரேட் கேட்டவங்களுக்கு: இரும்பு விலை வாரத்துக்கு ஒன்னு. வள்ளியூர்ல ரெண்டு கடையில கேட்டுக்கோங்க.

உவரி: கடலுக்கும் வீட்டுக்கும் இருநூறு அடிதான். கலர் ஷீட் போடலாமா? என்ன திக்னெஸ்?

அக்கா, இருநூறு அடின்னா அலைச்சாரல் நேரா கூரையில வந்து படியுற தூரம். வசதி இருந்தா அங்க அலுமினிய ஷீட்டே போடுங்க, 0.7 எம்எம்-க்குக் குறையாம. ரெண்டு விஷயம் கவனிக்கணும். இரும்பு பைப் மேல அலுமினியம் நேரா உட்காரக் கூடாது. நடுவுல பெயிண்ட் பூச்சோ ரப்பர் டேப்போ இல்லைன்னா உப்பு ஈரத்துல அலுமினியம் அரிச்சுரும். அடுத்தது, அலுமினியம் வெயிலுக்கு இரும்பைப் போல ரெண்டு மடங்கு நீளும். இருபதடி ஷீட் காலைக்கும் மத்தியானத்துக்கும் அஞ்சு எம்எம் வரை நகரும். அதனால ஸ்க்ரூ ஓட்டையைக் கொஞ்சம் பெருசா போட்டு, பெரிய வாஷர் வைக்கணும்.

அலுமினியம் கட்டுப்படியாகலைன்னா கால்வால்யூம் கலர் ஷீட் (அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசின இரும்பு), ஏஇசட் 150 பூச்சு, அதாவது ரெண்டு பக்கமும் சேர்த்து சதுர மீட்டருக்கு 150 கிராம். சாதா ஜிஐ (துத்தநாகம் மட்டும் பூசின இரும்பு) மேல கலர் அடிச்சதை வாங்காதீங்க, பார்க்க ரெண்டும் ஒன்னு போலத்தான் இருக்கும். பில்லுல பூச்சு விவரத்தை எழுதி வாங்குங்க. கம்பெனி வாரண்டி அட்டையில கடலுக்கு எவ்வளவு தூரம்வரை செல்லும்னு ஒரு வரி இருக்கும், காசு கொடுக்கிறதுக்கு முன்ன அதைப் படிங்க.

திக்னெஸ்: கடைக்காரர் 0.50-ன்னு சொல்றது பூச்சு, பெயிண்ட் எல்லாம் சேர்ந்த கணக்கு. பூச்சுக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து 0.04, பெயிண்டுக்கு 0.03 போனா, உள்ள இரும்பு 0.43 எம்எம்தான். அது நியாயமான கணக்கு, ஏமாத்து இல்லை. 0.45-ஐ 0.50-ன்னு தள்ளிவிடுறதுதான் ஏமாத்து. மைக்ரோமீட்டர் இல்லாட்டி எடை போடுங்க. மூணரை அடி அகலம், பத்தடி நீளமுள்ள 0.50 ஷீட் கிட்டத்தட்ட 13 கிலோ இருக்கணும்.

ஆடிக்காத்து ஓஞ்சதும் நல்ல தண்ணியில கூரையைக் கழுவி விடுங்க. முக்கியமா தாவாரத்துக்கு அடிப்பக்கம். மேல மழை கழுவிரும், அடியில உப்பு அப்படியே நிக்கும். துரு அங்கதான் ஆரம்பிக்கும்.

கூடங்குளம்: மொட்டை மாடியில 20-க்கு 30 அடி ஷெட். ஆறு தூண். தூணுக்கு அடியில வர்ற பேஸ் பிளேட்டை, மாடியில பதிச்ச தட்டோடு மேலயே வச்சு போல்ட் போடலாம்னு பட்டறைக்காரர் சொல்றார்.

போடாதீங்க. தட்டோடும் அதுக்குக் கீழ இருக்கிற சுண்ணாம்புச் சுருக்கியும் தண்ணி இறங்காம இருக்கப் போட்டது. அதுல போல்ட் பிடிக்காது.

கணக்கைப் பாருங்க. காற்றுக்கான இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 875 மூணாம் பாகம், நம்ம தெக்கத்திப் பகுதியை விநாடிக்கு 39 மீட்டர் மண்டலத்துல வச்சிருக்கு, அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். சென்னைக்கு 50 மீட்டர். 39-க்கு அழுத்தம் ஒரு சதுர அடிக்குச் சுமார் எட்டரை கிலோ. உங்க ஷெட் 600 சதுர அடி. நாலு பக்கமும் திறந்திருக்கு, காத்து அடியில புகுந்து தூக்கும், மேல உறிஞ்சும். அஞ்சு டன்னுக்கு மேல தூக்குவிசை. ஷீட்டும் பைப்பும் சேர்ந்து ஒரு டன் இருந்தாலே அதிகம். மிச்சம் நாலு டன்னை ஆறு தூண் பிடிச்சு இழுக்கணும். சராசரி தூணுக்கு 700 கிலோ, மூலைத் தூணுக்கு டன்னைத் தாண்டும்.

அதனால தட்டோட்டை வெட்டி எடுத்து, கீழ கட்டடத்தோட பீமோ தூணோ வர்ற இடத்துல, கான்கிரீட்டுக்குள்ள பிளேட்டுக்கு 12 எம்எம் ஆங்கர் போல்ட் நாலு, குறைஞ்சது நாலு இன்ச் ஆழம். பிளேட் 8 எம்எம்-க்குக் குறையாம. அப்புறம் வெட்டின இடத்தைச் சுத்தி ஒழுகாம அடைச்சுருங்க. கட்டடம் பழசுன்னா ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை ஒரு நடை கூட்டிட்டு வந்து காட்டுங்க.

ராதாபுரம்: ஸ்க்ரூ எத்தனை? ஷீட்டோட மேட்டுல அடிக்கணுமா, பள்ளத்துலயா?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் முதல்ல கேட்டிருக்கணும், அண்ணாச்சி.

1974 டிசம்பர் 25-ல் ஆஸ்திரேலியாவுல டார்வின் ஊரை ட்ரேசி புயல் அடிச்சுது. தகரக் கூரைகள் போன காரணத்தை ஆராய்ஞ்சப்ப தெரிஞ்சது இதுதான்: ஒரே உலுக்கலில் பிய்யலை. காத்து மாத்தி மாத்தி இழுத்து விட, ஸ்க்ரூ தலையைச் சுத்தி ஷீட்டுல மயிரிழை விரிசல் விழுந்து, அது வளர்ந்து, தலை மட்டும் பைப்புல நிக்க ஷீட் கழண்டு போச்சு. நம்ம பக்கம் புயல் வராட்டாலும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா மேற்கே இருந்து வர்ற மேல்காத்து வைகாசியில இருந்து புரட்டாசிவரை இதே வேலையைத்தான் மெதுவா செய்யுது. பணகுடி, முப்பந்தல் வட்டாரத்துல கரண்ட் எடுக்கிற காத்தாடி சும்மா நட்டு வைக்கலை. அதுல தளர்ந்த ஸ்க்ரூவைத்தான் ஐப்பசி கார்த்திகைப் புயல் தேடிப் பிடிக்கும். புரட்டாசியில ஒருநாள் மேல ஏறி எல்லா ஸ்க்ரூவையும் பாத்துருங்க. வாஷர் வெடிச்சதை மாத்துங்க.

எண்ணிக்கை: தாவார ஓரம், முகடு, ரெண்டு பக்கவாட்டு ஓரம், இந்த இடங்கள்ல ஒரு மேடு விடாம ஸ்க்ரூ. நடுவுல ஒன்னு விட்டு ஒன்னு போதும். பர்லின் (ஷீட்டைத் தாங்குற குறுக்குப் பைப்) இடைவெளி நடுவுல மூணடி, ஓரங்கள்ல ரெண்டடி. வழக்கமா போடுற அஞ்சடி கடற்கரைக்கு ஆகாது. ஓரத்துலயும் மூலையிலயும் உறிஞ்சுற விசை நடுவைப் போல ரெண்டு மடங்கு, அதுக்கு மேலயும் வரும். பர்லின் பைப் கனம் 2 எம்எம், 1.2 எம்எம் பைப்புல ஸ்க்ரூ மரை கடிக்க இரும்பே இருக்காது.

ஒழுகாம இருக்க மேட்டுல அடிக்கிறது நல்லது. ஆனா நீள ஸ்க்ரூ வேணும், மேட்டு உயரம் போக மூணு மரையாவது பைப் தகட்டைத் தாண்டி உள்ள போகணும். மேட்டை அமுக்கிக் குழியாக்கிறாதீங்க. வாஷர் ரப்பர் உலோக மூடிக்கு வெளிய லேசா எட்டிப் பாத்தா சரி. பிதுங்கித் தொங்கினா முறுக்கு கூடிப்போச்சு, அடுத்த கோடைக்குள்ள வெடிக்கும்.

கால்வால்யூம் ஷீட்டுக்கு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ போடாதீங்க, ஸ்க்ரூவைச் சுத்தி ஷீட் அரிக்கும். அதுக்குக் கனமான பூச்சுள்ள ஸ்க்ரூ. எஸ்எஸ் அலுமினியத்துக்கு.

கூத்தங்குழி: எங்க ஊர்ல ஷீட் மேல மணல் மூட்டைதான். ஒக்கி புயலுக்கே ஒன்னும் ஆகலை. நீங்க ஸ்க்ரூ கணக்கு சொல்லிப் பயமுறுத்துதீங்க.

ஒக்கி 2017 நவம்பர் 30-ல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடல்லயே கடந்து போச்சு. அதோட நடுப்பகுதி உங்க ஊர் மேல வரலை. அதை வச்சு மூட்டைக்குச் சான்றிதழ் கொடுக்காதீங்க.

சிமெண்ட் சாக்கு நிறைய மணல் 50 கிலோ. மேல சொன்ன 600 சதுர அடிக்கு நூறு மூட்டை வேணும். அவ்வளவு வச்சா காத்தில்லாத நாள்லயே பர்லின் வளைஞ்சுரும். பத்து மூட்டை வச்சா 500 கிலோ, அஞ்சு டன்னுக்கு முன்ன அது எம்மாத்திரம்? போதாததுக்கு மூட்டைக்கு அடியில உப்பு ஈரம் காயாது, ஷீட் அங்க வட்டமா துரு பிடிக்கும்.

(அவரே மறுபடி): அப்போ கருங்கல் வைக்கலாமே? சாக்கு மாதிரி மக்காது.

கல்லு இன்னும் மோசம். ஷீட் ஒரு ஓரம் தூக்கினா கல் உருண்டு பக்கத்து வீட்டு ஓட்டுல விழும்.

(இன்னொருவர், பெருமணல்): மூட்டையை விடுங்க. பழைய வலையைப் போட்டு வடத்தால இழுத்துக் கட்டுவோம். அதுவும் தப்பா?

தப்பில்லை, அது நல்ல வேலை. ஓலைக்கும் நாட்டு ஓட்டுக்கும் ரொம்பவே பொருத்தம். வலை விசையைப் பரவலா வாங்கிக்கும். ஆனா வடத்தை எங்க கட்டுதீங்க? சன்னல் கம்பியிலயும் முருங்கை மரத்துலயும் கட்டினா பிரயோஜனமில்லை. மூணடி ஆழத்துல கான்கிரீட் கட்டை புதைச்சு, அதுல 12 எம்எம் கம்பி வளையம் விட்டு, அதுல கட்டணும். தகர ஷீட்டுன்னா வடம் உரசுற ஓரத்துல பழைய டயர்த் துண்டு வைங்க, இல்லைன்னா பெயிண்ட் போயிரும்.

(மூட்டைக்காரர்): எப்படியோ, பாரம் நல்லதுன்னு ஒத்துக்கிட்டீங்க.

ஒத்துக்கலை. வலை பாரத்தால நிக்கலை, தரையைப் பிடிச்சு நிக்குது. ஸ்க்ரூவும் போல்ட்டும் செய்யுறது அதே வேலைதான். இதோட மூட்டையை இறக்கிருவோம்.

திசையன்விளை, இடையன்குடி, நாங்குநேரி: எந்தக் கம்பெனி? எந்தக் கலர்?

பேர் தெரிஞ்ச எந்தக் கம்பெனியும் சரி, பூச்சும் கனமும் பில்லுல இருந்தா. கலர் வெள்ளை அல்லது இளஞ்சாம்பல், வீட்டுக்குள்ள வெக்கை குறையும். தேரி மணல் பறக்கிற இடத்துல எந்தக் கலரும் மங்கும்.

இடிந்தகரை: புது வீடு. ஒருசாய்ப்பா, ரெண்டு பக்கச் சரிவா?

முடிஞ்சா நாலு பக்கச் சரிவு. காத்து எந்தத் திசையில வந்தாலும் மோதிக்கிற செங்குத்துச் சுவர் முக்கோணம் இருக்காது. சரிவு 22-லிருந்து 30 டிகிரி. தாவாரம் சுவரைத் தாண்டி ஒன்றரை அடிக்கு மேல நீட்ட வேண்டாம். முன்னால திண்ணைக்கு நிழல் வேணும்னா அதுக்குத் தனித் தூண், தனிக் கூரை. அது போனாலும் வீட்டுக் கூரையை இழுத்துட்டுப் போகாது. சுவர் மேல ரூஃப் பீம் ஓடணும், அதுலயே 12 எம்எம் கம்பி விட்டு வச்சு டிரஸ்ஸை (கூரையைத் தாங்குற சட்டத்தை) கட்டணும். ஹாலோ பிளாக் சுவரின் தலையில போல்ட் போட்டா, தட்டோட்டுல போட்ட கதைதான்.

ஷீட்டைக் கிழக்கு ஓரத்துல இருந்து போட ஆரம்பிச்சு மேற்கே போங்க. அப்பத்தான் ஒன்னு மேல ஒன்னு ஏறுற இடத்துல மேல இருக்கிற ஷீட்டின் விளிம்பு கிழக்கைப் பாத்து இருக்கும், மேல்காத்து மழை இடுக்குல ஏறாது.

விஜயாபதி: ஷீட்டை கிரைண்டர்ல வெட்டலாமா?

வேண்டாம். தீப்பொறி விழுந்த இடமெல்லாம் பூச்சு எரியும், மாசத்துல செம்புள்ளி தெரியும். தகரக் கத்திரி அல்லது நிப்ளர் (தகரத்தைக் கடிச்சு வெட்டுற கருவி). வேலை முடிஞ்ச அன்னைக்கே துளை போட்ட இரும்புத்தூளைப் பெருக்கி எடுங்க. ஈர சிமெண்ட் ஷீட்டுல பட்டா உடனே கழுவுங்க.

பணகுடி: மாடி ஷெட்டுக்கு பேஸ் பிளேட் தட்டோடு மேல...

கூடங்குளம் பதிலைப் பாருங்க.

வள்ளியூர்: பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை எடுத்துட்டு அதே பைப்புல கலர் ஷீட் போடலாமா?

முதல்ல பைப்பைத் தட்டிப் பாருங்க, அடிப்பக்கம் துரு உரியுதான்னு. ஆஸ்பெஸ்டாஸ் கனம். அந்தப் பாரத்துலயே உட்கார்ந்திருந்த கூரைக்குத் தூண் பிடிமானம் பலவீனமா இருக்கும். லேசான தகரம் மாறினதும் தூக்குற விசை முழுசும் போல்ட்டுக்கு வரும். பர்லினும் ஆஸ்பெஸ்டாஸுக்கு ஏத்த இடைவெளியில இருக்கும், நடுவுல கூடுதல் பைப் விடணும். பழைய ஷீட்டை உடைக்காம, நனைச்சு, முழுசா இறக்குங்க. தூசி நுரையீரலுக்கு ஆகாது.

சமூகரெங்கபுரம்: கோழிக் கொட்டகைக்கும் இவ்வளவு செலவு தேவையா?

ஓர ஸ்க்ரூவும் தூண் அஸ்திவாரமும் தேவை. மிச்சத்தைக் குறைக்கலாம். 0.40 ஷீட் போதும். பக்கத்துல கம்பி வலைக்குப் பின்னால தார்ப்பாய் தொங்க விட்டிருப்பீங்க, புயல் அறிவிப்பு வந்ததும் காத்து வர்ற பக்கம் இறக்கிக் கட்டிருங்க.